காலிங்கராயன் வாய்க்கால் கரையில் ஒரு ‘லோ சுகர்’: நடைப்பயண நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாசி மாதக் கடைசியில், காலிங்கராயன் வாய்க்கால் கரையை ஒட்டி மூன்று நாள் நடைப்பயணம் ஒன்றை நாங்கள் ஒழுங்கு செய்திருந்தோம். கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்களிலிருந்து 11 பேர் வந்திருந்தனர். மிக இளையவருக்கு வயது 24, மிக மூத்தவருக்கு 67. ஒழுங்கு செய்த இருவரில் ஒருவன் நான். இரண்டாம் நாள் முற்பகலில் எங்களுடன் வந்தவர்களில் 63 வயதுள்ள ஒருவருக்கு உடல்நலம் குன்றியது. அது ‘லோ சுகர்’, அதாவது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போன நிலை; அதை முதல் 20 நிமிடங்கள் நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம். அவர் இன்று நலமாக இருக்கிறார். அவருடைய ஒப்புதலோடு, அவர் படித்துத் திருத்திய பிறகே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

பாதையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் நடந்ததில் பாதைக்கும் பங்குண்டு. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த இந்த வாய்க்கால், பவானி ஆறு காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன்னால் உள்ள அணைக்கட்டில் தொடங்கி, ஈரோட்டைக் கடந்து, காவிரியின் மேற்குப் பக்கமாகவே தெற்கு நோக்கிச் சென்று, கொடுமுடிக்கு அப்பால் ஆவுடையார்பாறையில் நொய்யலில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். நேராக வெட்டியிருந்தால் இவ்வளவு நீளம் வந்திருக்காது. மேட்டு நிலத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீர்மட்டம் குறையாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அது பாம்பு போல் வளைந்து செல்கிறது. பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டியது என்று கதையும் சொல்வார்கள். பவானிப் பக்கம் கோணவாய்க்கால் என்று இடப்பெயரே உண்டு. வாய்க்காலுக்குக் கிழக்கே ஆறு வரையில் மஞ்சளும் வாழையும் கரும்பும் நெல்லும்; மேற்கே மேட்டுத் தோட்டங்கள். கரை நெடுக வேம்பும் தென்னையும் நிழல் தரும்.

நிழலும் நீரும் இருப்பதால் இந்தப் பாதை மென்மையானது என்று நினைத்தோம். காங்கயம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் நடத்திய முந்தைய நடைகளில் வெயிலே எங்களுக்குப் பெரும் அச்சமாக இருந்தது. அங்கு வேலா மரத்தடியைத் தவிர ஒதுங்க இடமிருக்காது. ஆனால் பாய்ச்சல் நிலத்தில், பயிருக்கு நடுவே, காற்று அசையாத நேரத்தில் வியர்வை ஆறவே ஆறாது. அங்கே எல்லோருக்கும்தான் வேர்த்து ஊற்றும். ஒருவருக்கு மட்டும் வேறு காரணத்தால் வேர்க்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் கண்ணில் படவில்லை.

பதிவுப் படிவத்தில் இருந்ததும் இல்லாததும்

பங்கேற்பவர்களிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்கியிருந்தோம். அதில் ‘ஏதேனும் நோய் உண்டா?’ என்று ஒரு வரி. நம்முடைய நண்பர் அதில் ‘சுகர், கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதியிருந்தார். அது உண்மைதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் அவருக்கு நல்ல அளவே வந்திருந்தது. வீட்டில் தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடப்பவர், உணவில் ஒழுங்கு உள்ளவர். 11 பேரில் நான்கு பேர் இதே போல் சுகர் என்று குறித்திருந்தனர். கொங்கு நாட்டில் ஐம்பதைத் தாண்டியவர்களைச் சேர்த்து ஒரு நடை ஒழுங்கு செய்தால் இது வியப்பே இல்லை.

என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் காலையும் இரவும் உட்கொண்டது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை என்பது தெரிந்திருக்கும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயகரமாக இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியன்று. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாப்பிட்டோமா இல்லையா, நடந்தோமா இல்லையா என்பதைப் பாராமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

முதல் நாள்

காலையில் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, காலிங்கராயன்பாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் நடந்தோம். ஈரோடு நகரப் பகுதியை வேனில் கடந்தோம். தோல், சாயக் கழிவுகளால் வாய்க்கால் பட்ட பாடும், கழிவைப் பிரித்துக் கொண்டுபோகப் பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ கட்ட நேர்ந்ததும் தனியாக எழுத வேண்டிய செய்தி. நகருக்குத் தெற்கே மீண்டும் கரையில் இறங்கி, சாவடிப்பாளையம் பக்கம் தங்குமிடம் சேர்ந்தபோது, அன்று நடந்தது 15 கிலோமீட்டர் என்று செல்பேசி காட்டியது. மாலையில் சிலர் காவிரி நடுவே பாறை மேல் இருக்கும் நட்டாற்றீசுவரர் கோயிலுக்கும் போய் வந்தனர். அவரும் போனார்.

இரவு உணவுக்கு அவர் இரண்டு சந்தவை மட்டும் எடுத்துக்கொண்டார். களைப்பில் பசி இல்லை என்றார். மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். நீண்ட நடைக்குப் பிறகு தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுப்பது உடனே நின்றுவிடுவதில்லை. மறுநாள் வரையிலும் தொடரலாம். அன்றிரவே சர்க்கரை இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது பின்னர் மருத்துவர் சொன்னது. அதிகாலையில் பனியன் நனைய வேர்த்து விழித்ததாக அவரும் பிறகு நினைவுகூர்ந்தார். கொசுவத்திப் புகைக்காக அறையைச் சாத்தியிருந்ததால் புழுக்கம் என்று எண்ணிக்கொண்டாராம்.

இரண்டாம் நாள் முற்பகல்

காலை 6 மணிக்கு மாத்திரை, 6.30-க்கு இரண்டு இட்லி. வயிறு கனத்தால் நடக்க முடியாது என்று குறைவாகச் சாப்பிட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். 7 மணிக்கு நடை தொடங்கியது. மதிய உணவு பாசூருக்கு அருகே ஒரு தோட்டத்தில், 1 மணிக்கு என்று திட்டம். 9.30 மணிக்கு இளநீர் குடித்தோம். அதற்குப் பிறகு 11.30 வரையில் தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லை.

மஞ்சள் வெட்டும் காலம். ஒரு பக்கம் தோண்டிய கிழங்குக் குவியல். இன்னொரு பக்கம் வேக வைத்த மஞ்சள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மணத்தை நின்று நுகர்ந்துகொண்டு, ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையை ஒரு விவசாயி சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். 11.40 அளவில் நம்முடைய நண்பர் கூட்டத்தின் கடைசியில் வேம்படியில் உட்கார்ந்துவிட்டார்.

முகம், கழுத்து, சட்டை முதுகு எல்லாம் வியர்வை. தலை சுற்றுவதாகச் சொன்னார். ‘எனக்கு ஒண்ணுமில்லீங்க, சித்தே உக்காந்தாச் சரியாப் போயிருமுங்க’ என்றார். வெயில் களைப்பு என்று நானும் என் கூட்டாளியும் உடனே முடிவு செய்தோம். அந்தப் பருவத்தில், அந்த நேரத்தில், அந்த வயதில் அது நியாயமான முதல் ஐயம்தான். நிழலில் சாய்த்து, காலணியைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, உப்பும் இஞ்சியும் போட்ட நீர்மோர் ஒரு தம்ளர் கொடுத்தோம். ஐந்து நிமிடம் கழித்து ஓஆர்எஸ் கரைசல் ஒரு தம்ளர்.

இவை இரண்டும் அவருக்கு வேண்டியதைத் தரவில்லை. நீர்த்த மோரில் சர்க்கரை மிகக் குறைவு. ஓஆர்எஸ் இனிப்பாக இருப்பதால் அதில் போதிய குளுக்கோஸ் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாராகும் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. 200 மில்லி தம்ளரில் வருவது மூன்று கிராமுக்கும் குறைவு. இரத்தச் சர்க்கரை இறங்கியவருக்கு உடனே தர வேண்டியதோ 15 கிராம். பேதியில் இழந்த நீரை உடல் இழுத்துக்கொள்ளத் துணை செய்யவே அந்தக் கரைசல் வகுக்கப்பட்டது.

11.55 மணிக்கு அவர் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. மூடியைப் போட முயன்றார். மூடி புட்டியின் வாயில் உட்காராமல் நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. நான்காம் முறை மூடியைப் புட்டியின் அடிப்பக்கத்தில் வைத்துத் திருகினார். பக்கத்தில் இருந்த இளைஞர் ‘மாமா, குடுங்க, நான் போடறேன்’ என்று கை நீட்டியபோது, அதுவரை ஒருவரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிறகு, வீட்டிலிருக்கும் மனைவி பக்கத்தில் நிற்பதுபோல் அவரைக் கூப்பிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னார்.

வெயிலிலேயே ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் அது வெப்பத் தாக்கமாகவும் இருக்கலாம். அதுவும் உயிருக்கு ஆபத்தானதே என்பதால் என் கூட்டாளி 108-க்கு அழைக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவர் வரப்பேறி வந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். ‘ஏனுங்க, இவருக்குச் சுகர் இருக்குதுங்களா? எங்க மாமியாளுக்கு இப்படித்தானுங்க வரும். வேர்த்து ஊத்தி, பேச்சு மாறிப் போயிரும்’ என்றார். பதிலுக்குக் காத்திராமல், சாப்பாட்டுத் தூக்கோடு வைத்திருந்த நாட்டுச்சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கை அள்ளித் தம்ளரில் கொட்டிக் கரைத்தார். எங்களிடம் படிவம் இருந்தது. அவருக்கு ஒரு மாமியார் இருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கரைசலை ஊற்றிவிடுவதற்கு முன்னால், எங்களோடு நடந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குறுக்கிட்டார். அவர் கூட்டத்தின் முன்பகுதியில் போயிருந்தவர், அப்போதுதான் திரும்பி வந்து சேர்ந்தார். முதலில் ஒரு மிடறு கொடுத்து, அதை அவர் ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பார்த்தார். விழுங்க முடியாதவர் வாயில் திரவத்தை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். விழுங்கினார். பிறகு சிறிது சிறிதாக முழுத் தம்ளரையும் கொடுத்தோம். மணி 12.

சர்க்கரை அளக்கும் கருவி எங்களிடம் இருந்தது, ஆனால் வேனில் இருந்தது. வேன் மதிய உணவுத் தோட்டத்தில் நின்றது. வாய்க்காலின் இந்தப் பக்கம் வண்டி வர வழியில்லை. அந்தப் பெண்ணின் மகன் மொபெட்டில் போய் மருந்துப் பையைக் கொண்டுவந்தபோது 12.14. விரலில் குத்தி அளந்தோம்: 212.

இந்த எண்ணைக் கண்டவுடன் என் மனத்தில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது, இனிப்பைக் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், இது வெயில் பாதிப்பே என்று நினைத்தேன். செவிலியர் அவருடைய விரலைப் பிடித்துப் பார்த்தார். தம்ளரைத் தாங்கிப் பிடித்ததில் விரல்நுனி முழுதும் நாட்டுச்சர்க்கரைப் பிசுபிசுப்பு. ‘அண்ணா, கையைக் கழுவிட்டு இன்னொருக்கா எடுப்போமுங்க’ என்றார். தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தி எடுத்தபோது 58. விரலில் ஒட்டியிருந்த இனிப்பையும் சேர்த்தே கருவி அளந்திருக்கிறது. 70-க்குக் கீழே இருந்தால் தாழ்வு, 54-க்குக் கீழே போனால் மிகுந்த கவலைக்குரியது. ஒரு தம்ளர் இனிப்புக் கரைசல் குடித்துப் பதினான்கு நிமிடம் ஆன பின்பும் 58 என்றால், 11.55 மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

மறுபடி சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம். 12.30-க்கு 91. அதற்குள் அவர் தெளிந்து, தம்மைச் சுற்றி இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டார். மாட்டைப் பற்றிப் பேசியது அவருக்கு நினைவில்லை. அந்தப் பெண் தம் தூக்கிலிருந்த சோற்றில் பாதியை எடுத்துவைத்து உண்ணச் சொன்னார். அவரும் உண்டார்.

அடுத்த முடிவுதான் எளிதாகத் தோன்றிக் கடினமாக இருந்தது. அவர் எழுந்து நின்றார், நடந்தும் காட்டினார். மாலைவரை தோட்டத்தில் படுத்திருந்தால் போதும், நாளை நடப்பேன் என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் அதை ஏற்கும் மனநிலையில் இருந்தனர். நாங்கள் அவருடைய வீட்டுக்கு அழைத்து, மாத்திரை அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். கிளிமிபிரைடு என்ற பெயரைப் பார்த்ததும் செவிலியர் உறுதியாகச் சொன்னார்: இந்த மருந்தால் இறங்கும் சர்க்கரை ஒருமுறை ஏறிய பிறகும் மருந்தின் வேகம் அடங்கும் வரை மீண்டும் மீண்டும் இறங்கக்கூடும், இரவில் தூக்கத்தில் இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஆகவே மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

108-இல் பேசிய என் கூட்டாளி இதற்குள் இன்னொரு சிக்கலில் மாட்டியிருந்தார். வாய்க்கால் கரைக்கு முகவரி இல்லை. ‘சாவடிப்பாளையத்துக்கும் பாசூருக்கும் நடுவே’ என்பதைக் கொண்டு ஆம்புலன்ஸ் எந்தச் சாலையில் வரும்? நோயாளி தெளிந்துவிட்ட நிலையில், அவர்களிடம் நிலைமையைச் சொல்லிவிட்டு, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு அவரை மொபெட்டில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோய், அங்கிருந்து வேனில் ஏற்றினோம். அவர் நினைவிழந்திருந்தால் மொபெட்டில் கொண்டுபோயிருக்க முடியாது என்பதை இப்போது எண்ணும்போதும் நெஞ்சு பதறுகிறது.

மருத்துவமனையில்

செவிலியரும் நானும் உடன் சென்றோம். மாலை வரை அளவு சீராக இருந்தது. இரவு 11 மணிக்குமேல் 62-க்கு இறங்கியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலைக்குப் பிறகு மீண்டும் இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் செயல்திறன் சற்றுக் குறைந்திருப்பது தெரிந்தது. அப்படி இருக்கும்போது இவ்வகை மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்கும். மூன்றாம் நாள் பிற்பகல் வீடு திரும்பினார். பிறகு அவருடைய வழக்கமான மருத்துவர் கிளிமிபிரைடை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார்.

கட்டிலில் படுத்திருந்தபோது அவர் ஒன்று சொன்னார். 10.45 மணியிலிருந்தே கை நடுங்கியதாம், கோரப் பசி எடுத்ததாம். ‘சின்னப் பசங்கெல்லாம் நடக்கறாங்க, நான் ஒருத்தன் சோறு கேட்டு எல்லாரையும் நிறுத்தறதுங்களா?’ என்றார். இதைவிட என்னை வருத்தியது வேறொன்றும் இல்லை. பசிக்கிறது என்று சொல்ல ஒருவர் கூச்சப்படும்படியாக ஒரு நடை அமைந்திருந்தால், அது அமைத்தவர்களின் குறைதான்.

மற்றவர்கள் அன்று பாசூரோடு நிறுத்திக்கொண்டனர். ஈரோடு–கரூர் ரயில் பாதை வாய்க்காலுக்கு அணுக்கமாகவே செல்வதால், விரும்பிய மூவர் அங்கிருந்து ரயிலேறினர். எஞ்சியவர்கள் மூன்றாம் நாள் ஊஞ்சலூர் வழியாகக் கொடுமுடியை அடைந்தனர், காலை 5.30-க்குத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்தி, வெயில் நேரம் முழுதும் இளைப்பாறி, மாலையில் மீதியை முடித்தனர்.

பிறகு நாங்கள் மாற்றியவை

படிவத்தில் நோயின் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரைக் கேட்கிறோம். மாத்திரை அட்டையின் படத்தையும் வாங்குகிறோம். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், ‘மூன்று நாள், நாளுக்கு 15 கிலோமீட்டர்’ என்று தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, நடை நாட்களுக்கான அளவை அவரிடமே கேட்டு வர வேண்டும். அளவை நாமாகக் குறைத்துக்கொள்ளச் சொல்வதில்லை.

அளக்கும் கருவி நடப்பவர் பையில் இருக்கிறது. அதோடு கை கழுவ அரை லிட்டர் தண்ணீரும் உலர்ந்த துணியும் தனியாக உண்டு. ஒவ்வொருவர் இடுப்புப் பையிலும் குளுக்கோஸ் பொடியோ நாட்டுச்சர்க்கரையோ இருக்கும். சாக்லேட்டை ஏற்பதில்லை, வெயிலில் உருகுவதோடு, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சுகர் மருந்து எடுப்பவருக்கு நடையில் தலை சுற்றினால், கருவிக்குக் காத்திராமல் முதலில் இனிப்பு என்பது எங்கள் நடைமுறை. வெயில் களைப்பாக இருந்தாலும் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையால் பெரிய கேடு வந்துவிடாது. தடுமாற்றம் இருந்தால் உடலைக் குளிர்விப்பதையும் 108-ஐ அழைப்பதையும் கூடவே செய்கிறோம்.

உணவை இடத்தோடு கட்டுவதை விட்டுவிட்டோம். எங்கே இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுகிறோம், கச்சாயமோ, கட்டுச்சோறோ. எல்லோரும் உட்காரும்போது யாரும் கேட்க வேண்டியதில்லை. நடைக்கு முன் பாதையை ஒருமுறை வண்டியில் சுற்றி, எந்தப் பாலத்துக்கு எந்த ஊர்ச் சாலை, வண்டி எந்தப் பக்கம் வரும் என்று குறித்து, அந்தத் தாளை எல்லோரிடமும் கொடுக்கிறோம்.

சுகர் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. நடை அவர்களுக்கு நல்லது. அவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நடத்தும் நடையில் எனக்கு விருப்பமும் இல்லை.

நம்முடைய நண்பர் விட்டுப்போன தொலைவை மார்கழியில் வந்து நடந்தார். மஞ்சள் செடி பச்சையாக நின்ற அதே தோட்டத்தருகே, அந்தப் பெண் கொடுத்த நீர்மோரைக் குடிக்கும் முன் வரப்பில் உட்கார்ந்து, புட்டித் தண்ணீரில் கை கழுவித் துடைத்துக்கொண்டு விரலில் குத்தினார். 124 காட்டியது. புட்டியின் மூடியை அவரே திருகி மூடினார்.